மன்சூர் அழுத பக்கம்

என் தங்கை லுபாபத்து பதினொரு புத்தகங்கள் எழுதியிருக்கிறாள். பதினொன்றையும் நகலெடுத்துக் கொடுத்தவள் நான். அவள் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அச்சகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணால் படிக்க முடியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எங்கள் ஹௌஸா மொழியின் கொக்கி போட்ட எழுத்துகளில் ஒரு கொக்கிகூட என் கையில் விட்டுப்போகாது. பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி. அடித்தல் வந்தால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கானோவில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத பெண்கள் படிக்கும் காதல் கதைகள் அவை. ஒரு கதை இரண்டு மூன்று பாகமாக வரும். ஒரு பிரதி முக்காட்டுக்குள் ஒளிந்து ஒரு தெருவையே சுற்றி, முதுகு கிழிந்து, திரும்பி வரும்போது கடைசிப் பக்கத்தில் குழம்புக் கறை இருக்கும். பள்ளிவாசலில் திட்டுகிறார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் சிரிக்கிறார்கள். சந்தையில் புத்தகக்கடை வைத்திருக்கும் மாலம் இத்ரீஸ் (ஓதிப் படித்தவர்களை நாங்கள் மாலம் என்போம்) மட்டும், "உன் தங்கச்சி எழுதினா பொம்பளைங்க அடுப்ப அணைச்சுட்டுப் படிக்கிறாங்க, அஸபே. எங்க வீட்டுல நேத்து சாப்பாடே இல்ல" என்பார்.

லுபாபத்துவுக்குப் பதினாறு வயதில் கர்பாவோடு கல்யாணம் ஆனது. அதற்கு முன்பே எங்கள் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டிருந்தார்கள். வீட்டில் மூத்தவள் நான். கணவனை இழந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கர்பா அவளை அடித்தான். அவள் கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பெண் அப்படிப் பிறந்த வீட்டுக்கு வருவதை நாங்கள் யாஜி என்போம்; மிளகாய்க் காரத்துக்கும் அதே சொல்தான். அதன்பிறகு கணவன் பெரியவர்களோடு கோலாக் கொட்டை எடுத்துக்கொண்டு சமாதானம் பேச வருவான். பெண் திரும்பிப் போவாள். இதுதான் முறை. லுபாபத்து மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கர்பாவின் வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தவள் நான்தான். "பொறுத்துக்கோ" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. நான்காம் வருடம் அவனே விலக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். லுபாபத்து என்னோடு வந்து தங்கினாள். காலையில் நான் வாசல் பெருக்கி முடிப்பதற்குள் நோட்டை எடுத்துப் பாயில் உட்கார்ந்துவிடுவாள்.

'அவன் கையின் கனம்' அவளுடைய பதினோராவது கதை. முதல் பாகம் வெளிவந்த புழுதிக்காற்று மாதத்தில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. மன்சூர் என்ற வியாபாரி. அழகன், வாசனைத் திரவியம் பூசுகிறவன். நஃபீசா என்ற மனைவியை அடிக்கிறான். பாலத்துக்கு அப்பால் இன்னொருத்தியை வைத்திருக்கிறான். படிக்கிற பெண்கள் அறுபது பக்கம்வரை அவனைச் சபித்தார்கள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மன்சூர் அழுகிறான். சிற்றன்னையிடம் அடிபட்டு வளர்ந்ததைச் சொல்கிறான். "என்னை அடித்த கைகள் எல்லாம் என் கைக்குள்ளே இருக்கின்றன, நஃபீசா. நான் விரலை மடக்கும்போது அவர்களும் மடக்குகிறார்கள். உன்னை அடித்தவன் நான் இல்லை. ஏழு வயதில் கிணற்றடியில் அழுதுகொண்டு நின்ற பிள்ளை." அதோடு எல்லோரும் மாறிப்போனார்கள். அவன் இன்னொருத்தியிடம் போனதுகூட அவர்களுக்குப் பாவமாகத் தெரிந்தது. வீட்டில் சிரிப்பில்லை, பாவம் எங்கே போவான் என்றார்கள். வானொலியில் மதியச் செய்திக்குப் பிறகு ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தார். அவர் அந்தப் பக்கத்தை வாசித்த நாளில் எங்கள் சந்தில் மாவு இடிக்கும் சத்தமே கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தை நான் நான்கு முறை நகலெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்கியது.

புத்தகத்தின் பின் அட்டையில் எழுதியவரின் படமும் தொலைபேசி எண்ணும் போடுவது இங்கே வழக்கம். படிக்கிறவர்கள் கூப்பிடுவார்கள். கணவன் இல்லாத பெண்ணின் எண் அட்டையில் இருந்தால் ஆண்களும் கூப்பிடுவார்கள். அதனால் தொலைபேசி என்னிடம் இருந்தது. முதலில் "எழுத்தாளரோட அக்கா பேசுறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் ஏமாந்து வைத்துவிட்டார்கள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். "ஹாஜியா லுபாபத்துதானே?" என்றால் "ஆமாம்மா, சொல்லு" என்பேன். அப்படி மரியாதையாக ஹாஜியா என்று கூப்பிடப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஹிந்தத்து என்ற பெண் முதல் முறை கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்கு முன்னால்.

"ஹாஜியா, வீட்டுல எல்லாரும் சுகமா? களைப்பு எப்படி?"

"களைப்பு ஒண்ணும் இல்ல, இறைவனுக்கு நன்றி. உங்க வீட்டுல?"

"சுகம். நான் எங்க பாபா வீட்டுல இருக்கேன். யாஜிக்கு வந்து பத்து நாளாச்சு. உங்க நஃபீசா மாதிரிதான் நானும்." சிரித்தாள். சின்ன வயதுக் குரல். "நேத்து அவரு வந்தாரு, ஹாஜியா. எங்க வீட்டுக்காரர். ஷுஐபு. மோட்டார் சைக்கிள் சாமான் கடை. அவர் அழுது நான் பாத்ததே இல்ல. நேத்து அழுதாரு. சின்ன வயசுல சித்தி அடிச்சாளாம். அந்தக் கையெல்லாம் என் கைக்குள்ள இருக்குன்னு சொன்னாரு. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. மன்சூரேதான்!"

எனக்கும் சிலிர்த்தது. என் தங்கை எவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதைத் தாண்டி நினைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ரெண்டாம் பாகம் எப்ப வரும்? நஃபீசா திரும்பிப் போவாளா?"

இரண்டாம் பாகத்தில் முப்பத்தொரு பக்கம் என் மடியில் இருந்தது. மை காயக் காத்துக்கொண்டிருந்தேன்.

"போவா" என்றேன். "அவன் திருந்திடுவான். அந்தப் பாலத்துக்காரியையும் விட்டுடுவான்."

"நீங்களே சொல்றீங்களே" என்றாள். "அப்ப சரி, ஹாஜியா. அல்லாஹ் உங்க கைக்கு பலம் தரட்டும்."

ஐந்து வாரம் கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"ஹாஜியா, மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. வலது கை. எலும்பு கட்டறவர் மூங்கில் வச்சுக் கட்டியிருக்காரு. மறுபடியும் பாபா வீட்டுலதான் இருக்கேன். எங்க பொண்ணு அவரோட அம்மாகிட்ட இருக்கா, விடமாட்டேன்னுட்டாங்க." மூச்சு வாங்கினாள். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சமாதானம் பேச வராரு. தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். ரெண்டாம் பாகத்துல மன்சூர் எத்தனையாவது பக்கத்துல திருந்துவான்? நான் எவ்வளவு நாள் பொறுக்கணும்னு ஒரு கணக்குக்குத்தான்."

அவள் பாபா வீடு எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

லுபாபத்து பாயில் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெயரில் பேசியதையும், போவாள் என்று சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ஆளு என்ன சொன்னான்? அவ சொன்ன மாதிரியே சொல்லு, யாயா."

நான் அக்கா என்பதால் யாயா என்றுதான் கூப்பிடுவாள். கைகளைப் பற்றி ஷுஐபு சொன்னதைச் சொன்னேன்.

"அது நான் எழுதினது."

"தெரியும். ஆனா அவனுக்கும் அப்படி நடந்திருக்கலாம் இல்லையா? கர்பாவுக்கு நடக்கலையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கர்பாவுக்கு என்ன நடந்துச்சு?"

"அவன் உன்கிட்ட சொன்னானே. சித்தி, கிணத்தடி..."

"கர்பா சொன்னானா?" பேனாவை மூடிவைத்தாள். "யாயா, கர்பா ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. அவனுக்குச் சித்தியே கிடையாது. அவங்கம்மா அவனுக்கு ஊட்டிவிடுவாங்க, இருபத்தெட்டு வயசுல. குழம்புல உப்புன்னு அடிப்பான். கதவு சத்தம்னு அடிப்பான். சில நாள் எதுவுமே இல்லாம அடிப்பான். ஏன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும்னு நாலு வருஷம் இருந்தேன். சொல்லல. அப்புறம் நானே எழுதிக்கிட்டேன். ஒரு காரணமும் இல்லாம அடி வாங்கினேன்னு இருக்க முடியல."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தை நகலெடுத்த ஒவ்வொரு முறையும், பாவம் கர்பா, அவனும் என்ன செய்வான் என்று நினைத்து அழுதவள் நான். மூட்டை தூக்கிக்கொண்டு போனது அவ்வளவு தவறில்லை என்று ஆறுதல் பட்டவள் நான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போனோம். ஹிந்தத்துவின் அப்பா மாலம் தன்கோ குரான் பள்ளிக்கூடம் நடத்துகிறவர், மெல்லப் பேசுகிறவர். மகளைப் பார்க்க வந்த பெண்கள் என்று எங்களை உள்ளே விட்டார். ஹிந்தத்துவுக்கு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். மூங்கில் கட்டிய கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் புத்தகம். லுபாபத்துவின் முகத்தையும் பின் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹாஜியா! நீங்களா?"

லுபாபத்து "ஆமா" என்றவுடன் அவள் முகம் சுருங்கியது. குரல் வேறு.

"அப்ப போன்ல பேசினது?"

"நான்" என்றேன். "இவ அக்கா. அஸபே. நான் எழுத்தாளர் இல்லம்மா, எடுத்து எழுதுறவ. உன்னைத் திரும்பிப் போக வச்சது நான்தான்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு நீங்க பேசினது. பெரிய மனுஷி மாதிரி" என்றாள். "சமைக்கவே தெரியாதவ கல்யாண வீட்டுல அகப்பையைப் பிடிச்ச மாதிரி இருக்கு, அத்தை."

வாங்கிக்கொண்டேன்.

லுபாபத்து அவளிடம், "அந்தக் கைங்க பத்தின பேச்சு நான் கட்டினது, தங்கச்சி. எங்கேயும் நடந்ததில்ல. எந்த ஆம்பளையும் என்கிட்ட சொன்னதில்ல" என்றாள்.

"அவரு புத்தகமெல்லாம் படிக்கமாட்டாரு. பொம்பளைக் குப்பைன்னு தூக்கி எறிவாரு."

"கடைல ரேடியோ இருக்கா?"

ஹிந்தத்து கைக்கடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தாள். "இருந்தா என்ன? அவருக்கும் அப்படியே நடந்திருக்கலாம்" என்றாள். நான் சொன்ன அதே பேச்சு. அவள் சொல்லிக் கேட்கும்போது எனக்குக் களைப்பாக இருந்தது.

அதற்குள் முன்கட்டில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஷுஐபுவின் பெரியப்பா கோலாக் கொட்டைப் பொட்டலத்தை நீட்டுவது தெரிந்தது. பெரியவர்கள் வழக்கமானதைப் பேசினார்கள். பல்லும் நாக்கும் ஒரே வாயில் இருந்தால் கடிபடத்தான் செய்யும், எங்கள் பிள்ளை கை நீட்டிவிட்டான், இனி மாட்டான். பிறகு ஷுஐபு தொண்டையைச் செருமினான்.

"பாபா, நான் கெட்டவன் இல்ல. சின்ன வயசுல சித்தி கையில வளந்தேன். என்னை அடிச்ச கையெல்லாம் என் கைக்குள்ளயே இருக்கு. நான் விரலை மடக்கினா..."

குரல் உடைந்தது. நன்றாகவே உடைந்தது. ஹிந்தத்து நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பயந்தேன்.

"...அவங்களும் மடக்குறாங்க" என்றாள் லுபாபத்து, திரைக்கு இந்தப் பக்கமிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. பேசிப் பழக்கமில்லாத குரல். "உன்னை அடிச்சவன் நான் இல்ல. ஏழு வயசுல கிணத்தடியில அழுதுக்கிட்டு நின்ன பிள்ளை."

"யாரது?" என்றார் மாலம் தன்கோ.

"அதை எழுதினவ, பாபா. மன்னிக்கணும்."

"எதை எழுதினவ?"

ஷுஐபுவின் பெரியப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். "அட, இது அந்த மத்தியானக் கதை! எங்க லாரி ஸ்டாண்டுல இதுதான் ஓடுது. கிணத்தடிப் பிள்ளை!" என்றார். பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு ஏதுடா சித்தி?" என்று இன்னொரு கிழவர் மெல்லக் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"பொம்பளைங்கள வச்சு என்னை அவமானப்படுத்துறீங்களா, பாபா?" என்றான் ஷுஐபு. இப்போது அவன் குரல் உடையவில்லை.

மாலம் தன்கோ திரையின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஹிந்தத்து. நீ என்ன சொல்றே? போன தடவ உன்னைக் கேக்காமலே அனுப்பிட்டேன்."

ஹிந்தத்து முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். புத்தகத்தைத் தள்ளிவைத்தாள்.

"அவரு சொந்தமா ஏதாவது சொல்லட்டும், பாபா. எதுவா இருந்தாலும் சரி. கேக்குறேன்."

காத்திருந்தோம். வெளியே யாரோ ஆட்டை விரட்டினார்கள். ஷுஐபு இரண்டு முறை பேச ஆரம்பித்து நிறுத்தினான். கடைசியில் சொன்னான்:

"பொண்ணு உன்னைத் தேடி அழறா."

அது உண்மை. அவன் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் அவனுடையது. ஹிந்தத்துவின் உடம்பு எழுந்துவிடுகிற மாதிரி முன்னால் சாய்ந்தது. லுபாபத்து அவளைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. நாங்கள் பிடித்திருந்தால் அதுவும் இன்னொரு மூட்டையைத் தூக்குவது போலத்தான்.

"அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் ஹிந்தத்து. "நான் வரல."

பதினாறாம் நாள் விலக்குச் சீட்டு வந்தது. ஒரு தாள், அதில் பாதிகூட எழுத்தில்லை. பெண் குழந்தையை ஷுஐபுவின் அம்மா விடவில்லை. ஐந்து வயது. மாலம் தன்கோ இரண்டு முறை பெரியவர்களோடு போய்ப் பேசிவிட்டார். வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதிலும் சில வியாழக்கிழமை யாரும் அழைத்து வருவதில்லை.

இரண்டாம் பாகத்தை லுபாபத்து கிழித்துப் போட்டு மறுபடி எழுதினாள். நான் எடுத்து எழுதியிருந்த முப்பத்தொரு பக்கமும் போயிற்று. புதியதில் நஃபீசா திரும்பிப் போகவில்லை. மன்சூர் திருந்தவும் இல்லை, மறுபடி அழவும் இல்லை. ஏன் அப்படி இருந்தான் என்பது யாருக்கும் தெரியாமலே கதை முடிகிறது. மாலம் இத்ரீஸ் கடையிலேயே நின்றபடி கடைசிப் பத்துப் பக்கத்தைப் படித்தார்.

"என்ன அஸபே இது? மன்சூர் உங்களுக்கு என்ன பண்ணினான்?"

"உங்களுக்கு அவன் என்ன பண்ணினான், மாலம்? வீட்டுல சாப்பாடு இல்லன்னு சொன்னீங்களே."

"சிரிக்காதே. இதை யாரும் தூக்கமாட்டாங்க. ஒரே ஒரு பக்கம் சேர்த்துத் தரச் சொல்லு. அவன் மன்னிப்புக் கேக்கட்டும். அவ போகவேணாம், சரி. கேக்கட்டும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து லுபாபத்துவிடம் சொன்னேன். "அவன் கேக்கலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

மாலம் இத்ரீஸ் சொன்னது சரிதான். புத்தகக் கட்டுகள் கடையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. வானொலிக்காரர் வேறு கதைக்குப் போய்விட்டார். இப்போது கூப்பிடுகிறவர்கள் அநேகமாகத் திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். "உங்களுக்கு மனசே இல்லையா? அவனுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்தா என்ன?" என்று ஒரு பெண் அழுதாள். "அடி வாங்கினவளுக்குத்தாம்மா தெரியும்" என்று நான் சொன்னேன். "நானும் வாங்குறேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். அதையும் குறித்துக்கொண்டேன். நான் அக்கா பேசுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் வைத்துவிடுகிறார்கள். வைக்காதவர்கள் சொல்வதைக் கேட்டு, பெயரும் தேதியும் குறித்து, சாயங்காலம் லுபாபத்துவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். பன்னிரண்டாவது கதையை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஹிந்தத்து இரண்டாம் பாகத்தைப் படிக்கவில்லை. ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன், அப்படியே இருக்கிறதாம். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள், பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாலும், பார்க்காமல் வந்தாலும்.

போன வியாழன் கூப்பிட்டபோது குரலிலேயே தெரிந்தது, குழந்தையை அழைத்து வரவில்லை என்று. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அத்தை" என்றாள். "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

"துவோ களி. வெண்டைக்காய்க் குழம்பு."

"கறி போட்டா?"

"இல்ல, கருவாடு. கொஞ்சம்தான் இருந்துச்சு."

"வெண்டைக்காயை ரொம்பச் சின்னதா நறுக்குவீங்களா?"

"நான் பெருசா நறுக்குவேன். லுபாபத்துவுக்குச் சின்னதா வேணும்."

"எனக்கும் பெருசுதான் பிடிக்கும்" என்றாள் ஹிந்தத்து. "சொல்லுங்க. எப்படிச் செய்வீங்க, முதல்லேருந்து."

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, காம்பு கிள்ளுவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.